ரப்பருக்கு முன்பே பெயர் பெற்ற பூஞ்சை

கார்ட்டீசியம் என்னும் பேரினத்தை 1794-இல் பூஞ்சையியலாளர் பெர்சூன் ஏற்படுத்தினார். மரப்பட்டையில் பொருக்குப் போலத் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் பூஞ்சைகள் இவை. குடையோ தண்டோ கிடையாது. வித்து தரும் பரப்பு வழவழப்பாக வெளியே தெரியும். அடையாளம் அவ்வளவுதான் என்பதால், 19-ஆம் நூற்றாண்டில் வேறெங்கும் சேராத பொருக்குப் பூஞ்சைகளெல்லாம் இதற்குள் வந்து விழுந்தன. பேரினம் என்பதைவிடக் கிடங்கு என்பதே அதற்குப் பொருந்தும்.

பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து த்வெய்ட்ஸ் அனுப்பிய இலங்கைப் பூஞ்சைகளை இங்கிலாந்தில் பெர்க்லியும் புரூமும் ஆராய்ந்தார்கள். 1873-இல் அவர்கள் விவரித்தவற்றுள் ஒன்று கார்ட்டீசியம் சால்மோனிகலர். அப்போது இலங்கையில் ரப்பர் மரமே இல்லை. 1876-இல்தான் கன்றுகள் வந்து இறங்கின. பின்னாளில் ரப்பரைப் பாடாய்ப் படுத்திய இளஞ்சிவப்பு நோய்க்குக் காரணம் இந்தப் பூஞ்சையே.

இதற்குப் பெயர்கள் பெருகியதற்கு அதன் உருமாற்றமே காரணம். மழைக்காலத்தில் இளமரத்தின் கவையில் முதலில் சிலந்தி வலை போன்ற வெண்ணிழைகள் படரும். பட்டை வெடித்து ரப்பர் பால் கசியும். பிறகு இளஞ்சிவப்புப் பொருக்கு படியும். வேறோரிடத்தில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் கிளம்பும். கவைக்கு மேலுள்ள கிளை காய, கீழே புதுத் தளிர்கள் வெடிக்கும். கொப்புளங்களை மட்டும் கண்ட மாசீ, 1898-இல் அவற்றை நெகேட்டர் என்ற தனிப் பேரினமாக்கினார். ஜாவாவின் பொருக்கைக் கண்ட சிம்மர்மன், 1901-இல் அதற்கு கார்ட்டீசியம் ஜாவானிகம் என்று பெயரிட்டார். எல்லாம் ஒரே உயிரியின் வெவ்வேறு நிலைகள் என்பது அடுத்த சில பத்தாண்டுகளில் தெளிவானது.

நுண்ணோக்கி ஆய்வு முன்னேறியபோது கிடங்கு கலைக்கப்பட்டது. இழைகளின் அமைப்பு, அவற்றின் குறுக்குச் சுவர்களில் பிடிப்பு இணைப்பு என்னும் சிறு வளைவு உண்டா, வித்துகளைத் தாங்கும் பசிடியத்தின் வடிவம் என்ன என்பவையே புதிய அளவுகோல்கள். 1970-இல் எரிக்சனும் யோர்ட்ஸ்டாமும் எரித்ரீசியம் பேரினத்தை நிறுவினார்கள். சால்மோனிகலர் உடனே அதில் சேரவில்லை. அதன் இழைகளில் பிடிப்பு இணைப்பு இல்லை. 1975-இல் யூலிஷ் அதை ஃபானரோகீட்டே பேரினத்தில் வைத்தார். அதில் பெரும்பாலானவை செத்த மரத்தை மட்கச் செய்பவை. உயிருள்ள பட்டையைக் கொல்லும் பூஞ்சைக்கு அது அவ்வளவு பொருத்தமான இடமல்ல. 1985-இல் பர்ட்சால் அதை எரித்ரீசியத்துக்கு மாற்றினார். மரபணு ஆய்வுகளும் அந்தப் பேரினத்தை கார்ட்டீசியேல்ஸ் துறையில் சேர்க்கின்றன. ஆக, பழைய பேரினத்தைவிட்டு வெளியேறிய பூஞ்சை அதே பேரினத்தின் பெயரால் அமைந்த துறைக்குள்ளேயே நிற்கிறது.

குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பரவலான ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்னும் ரப்பர் ரகத்தை இந்த நோய் எளிதில் தாக்கும். பாதிக்கப்பட்ட கவையில் போர்டோ பசை பூசுவது வழக்கம். பால் வடிக்கும் மரங்களில் எச்சரிக்கை தேவை. பசையிலுள்ள தாமிரம் பாலில் கலந்தால் ரப்பரின் தரம் கெடும். பூஞ்சையின் பேரினம் மாறிய பின்பும், தோட்ட நூல்களில் கார்ட்டீசியம் என்ற பெயர் நெடுங்காலம் நீடித்தது.