மின்னஞ்சல் மாற்றுவழி (வலைச் செயலிகள்)

வலைச் செயலி அனுப்பும் மின்னஞ்சல் வழக்கமான சர்வர் வழியே போகாதபோது, அதை வேறு வழியில் அனுப்புவதற்கான ஏற்பாடு மின்னஞ்சல் மாற்றுவழி எனப்படும். கடவுச்சொல் மாற்றும் இணைப்பு, ஓடிபி போன்றவை வராவிட்டால் பயனரின் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால் இது செயலியின் அடிப்படைத் தேவைகளில் ஒன்று.

எந்தத் தோல்விக்கு மாற்றுவழியை நாடுவது என்பதுதான் இதில் முதன்மையான முடிவு. ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்னும் இணையத் தர ஆவணத்தின்படி, எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை) சர்வர் மூன்று இலக்க எண்ணால் பதில் சொல்லும். எண் 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. சேவை இப்போது இல்லை என்னும் 421-க்கு மாற்றுவழி உதவும். அப்படியொரு முகவரியே இல்லை என்று 550 வந்தால் எத்தனை சர்வர் மாற்றினாலும் பயனில்லை. திரும்பத் திரும்ப அனுப்பினால் அனுப்புநரின் நற்பெயர்தான் கெடும். ஆனால் அனுப்பும் ஐபி தடைசெய்யப்பட்டிருந்தாலும் இதே 550 வரக்கூடும். ஆகவே எண்ணோடு வரும் விளக்க வரியையும் சேமித்து வைக்க வேண்டும்.

பதிலே வராத நிலைதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. செய்தியை ஒற்றைப் புள்ளி வரியால் முடித்த பிறகு, ஏற்றுக்கொண்டதாக 250 வருவதற்குள் இணைப்பு அறுந்தால், அஞ்சல் போனதா இல்லையா என்று செயலிக்குத் தெரியாது. மாற்றுவழி உடனே பாய்ந்தால் பயனருக்கு இரண்டு அஞ்சல்கள் போகலாம். 1988-இல் வந்த ஆர்எஃப்சி 1047 முழுவதும் இந்த ஒரு சிக்கலைப் பற்றியதே. பின்னர் 2008-இன் ஆர்எஃப்சி 5321 இந்தக் கட்டத்தில் 10 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. பக்கம் திறக்கக் காத்திருக்கும் பயனரை அவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியாது. எனவே, அஞ்சலுக்குக் காரணமான செயலை, எடுத்துக்காட்டாக ஓர் ஆர்டரை, பதியும் அதே தரவுத்தளப் பரிவர்த்தனையில் அஞ்சலையும் ஒரு வரிசையில் எழுதிவிட்டு, பின்னணி நிரல் ஒன்று அதை எடுத்து அனுப்பும்படி அமைப்பதே சரியான முறை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மறுமுயற்சிக்கான இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

பிஎச்பி மொழியில் சிம்ஃபொனி மெய்லர் என்னும் நூலகம், ஒரு வழி தவறினால் அடுத்ததற்கு மாறும் 'ஃபெயில்ஓவர்' வசதியைத் தருகிறது. பிஎச்பி கட்டமைப்பான லாராவெல் 2022-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து இந்த நூலகத்தையே பயன்படுத்துகிறது. லாராவெல் தரும் ஃபெயில்ஓவர் அமைப்பில் எஸ்எம்டிபிக்கு அடுத்ததாக 'லாக்' இருக்கும். அதை மாற்றாமல் நேரலையில் விடுவது ஆபத்து: எஸ்எம்டிபி விழுந்தால் அஞ்சல் பதிவுக் கோப்பில் எழுதப்பட்டு, அனுப்பியாயிற்று என்றே செயலி எடுத்துக்கொள்ளும், பிழைச் செய்தி எதுவும் எழாது.

மாற்றுவழியாக வைக்கும் இரண்டாவது அஞ்சல் சேவையை, அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களைக் குறிக்கும் எஸ்பிஎஃப் பதிவில் முன்கூட்டியே சேர்த்து, அஞ்சலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் அதற்குரிய டிகேஐஎம் சாவியையும் டிஎன்எஸ்-இல் வெளியிட்டிருக்க வேண்டும். இல்லையேல் அவசர நேரத்தில் அதன் வழியே போகும் அஞ்சல்கள் ஸ்பேம் பெட்டியில் விழும், அல்லது மறுக்கப்படும். சிறு பங்கு அஞ்சலை அன்றாடம் அவ்வழியே அனுப்பிவந்தால், அது வேலை செய்கிறதா என்பது முன்பே தெரிந்துவிடும்.