கட்டிக் கொடுத்த சோறு

வழிப்பயணம் புறப்படுகிறவருக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுக்கும் வழக்கம், போகிற பாதையில் சத்திரம் இருக்குமோ இராதோ என்ற ஐயத்திலிருந்தும், போகிறவர் பசியால் வாடக் கூடாது என்ற பரிவிலிருந்தும் பிறந்தது. மென்பொருள் எழுதுவோர், தமக்கு வேண்டிய பிறருடைய நிரல்நூலகங்களையும் பிரதியெடுத்துத் தம் மூலநிரலோடு ஒரே மூட்டையாகக் கட்டி வெளியிடும் சம்பிரதாயத்துக்கும் இவ்விரண்டுமே காரணம்; அதைச் சோம்பலென்று பிற்காலத்தார் இகழ்வது எனக்கு ஒருபோதும் நியாயமாகத் தோன்றியதில்லை.

இதன் சரித்திரத்தைப் பிஎச்பி என்னும் இணைய மொழியில் தெளிவாகக் காணலாம். 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட சில சிறு கருவிகளிலிருந்து வளர்ந்த அம்மொழி, படங்களை வரையவும் மாற்றவும் தாமஸ் பவுடெல் எழுதிய ஜிடி என்ற நூலகத்தை நம்பியிருந்தது. ஜிஃப் படங்களைச் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் கம்பெனி காப்புரிமை கொண்டாடியதால், 1999இல் ஜிடியிலிருந்து ஜிஃப் நீக்கப்பட்டு, உரிமைக்காலம் முடிந்த பிறகு 2004இல்தான் மீண்டும் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு சர்வரில் ஒருவிதமான ஜிடியும் மற்றொன்றில் வேறுவிதமான ஜிடியும் இருக்க, எதை நம்பி நிரல் எழுதுவதென்று தெரியாமல் மக்கள் இடர்ப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாத பிஎச்பிக்காரர்கள், 2002 டிசம்பரில் வெளியிட்ட 4.3 பதிப்பில், தாமே திருத்திய ஜிடியின் பிரதியை உள்ளே வைத்துக் கொடுத்தார்கள். அவ்வழியே 2004இல் 5.0 பதிப்பு எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளத்தையும் உடன் கொண்டுவந்தது.

அதே 2002இன் மார்ச் மாதத்தில் உலகம் இதற்கு நேர் எதிரான பாடமொன்றைக் கற்றிருந்தது. ழான்-லூப் கெய்லியும் மார்க் ஆட்லரும் எழுதிய ஸீலிப் என்ற சுருக்கு நூலகத்தில், ஒருமுறை விடுவித்த நினைவகத்தையே மறுமுறையும் விடுவிக்கும் பிழையொன்று வெளிப்பட்டது. மூலத்தில் திருத்துவது பெரிய காரியமாக இல்லை, 1.1.4 பதிப்போடு அது முடிந்தது. ஆனால் ஸீலிப்பின் பிரதியைத் தமக்குள் விழுங்கியிருந்த மென்பொருள்கள் எத்தனை, அவை யாவை என்று தேடிக் கண்டுபிடித்து, லினக்ஸ் கருவுக்குள் இருந்த பிரதி உட்பட ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்த வேண்டியிருந்ததே, அதுவன்றோ பெருந்துன்பம்! ஒரு நூலகத்துக்கு ஒரே பிரதிதான் இருக்கவேண்டும் என்பதில் டெபியன் முதலிய லினக்ஸ் விநியோகங்களைப் பராமரிப்போர் காட்டிய உறுதியைப் பிடிவாதமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரு தரப்பாரும் மக்களின் நன்மையையே நாடினார்கள். ஆயினும் இடையில் அகப்பட்டவர்கள் சாதாரண நிரலாளர்களே. படத்தைச் சுழற்றும் 'இமேஜ்ரொடேட்' என்ற செயற்கூறு பிஎச்பி தன்னுள் வைத்திருந்த ஜிடியில் மட்டுமே கிடைத்ததாலும், டெபியனும் அதன் வழிவந்த உபுண்டுவும் வெளியிலிருந்த பொது ஜிடியோடு இணைத்தே பிஎச்பியைக் கட்டியமைத்ததாலும், ஓரிடத்தில் செவ்வனே ஓடிய நிரல் வேறோரிடத்தில் 'அப்படியொரு செயற்கூறே இல்லை' என்று நின்றுவிட்டது. இந்தப் பிணக்கு தீர்ந்த விதம்தான் என் உள்ளத்தை மிகவும் கவர்வது. எந்தப் பக்கமும் மற்றதை வெல்லவில்லை. பிஎச்பியைச் சேர்ந்தவர்களே மூல ஜிடியைப் பேணும் பொறுப்பையும் ஏற்று, தம் பிரதியில் செய்துவைத்திருந்த திருத்தங்களையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக மூலத்துக்குத் திருப்பிச் சேர்த்தார்கள். 2013 ஜூனில் ஜிடி 2.1 வெளிவந்தது, அதே மாதத்தில் வந்த பிஎச்பி 5.5, வெளி ஜிடியோடும் படத்தைச் சுழற்ற வல்லதாயிற்று. பிறர் வீட்டிலிருந்து எடுத்துவந்த பாத்திரத்தைத் துலக்கி, ஒடுக்கெடுத்து, உரியவரிடமே கொண்டுபோய்ச் சேர்ப்பது போன்ற இவ்வேலைக்குப் புகழ் மிகக் குறைவு.

2019 நவம்பரில் வந்த பிஎச்பி 7.4 பதிப்பு மூட்டையைப் பெரும்பாலும் அவிழ்த்துவிட்டது. எஸ்கியூலைட், லிப்ஸிப், ஓனிகுருமா ஆகிய நூலகங்களின் பிரதிகள் நீக்கப்பட்டன. தேவையானவை கணினியில் எங்கே இருக்கின்றன என்று அடைவு அடைவாகத் துழாவிய பழைய கட்டுமான முறை பெரிதும் மாறி, பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவியைக் கேட்டறியும் முறை வந்தது. மாற்றம் நல்லதே; ஆனால் சில விருப்பக் கட்டளைகளின் பெயர்களும் உடன் மாறின. ஜிடிக்கு 'வித்' என்று தொடங்கிய கட்டளை 'எனேபிள்' என்றாயிற்று. பழைய பெயரையே கொடுத்தவருக்குக் கட்டுமானம் நிற்கவில்லை. 'அறியாத விருப்பம்' என்ற ஒற்றை வரி எச்சரிக்கை நூற்றுக்கணக்கான வரிகளோடு ஓடி மறைய, படம் வரையத் தெரியாத பிஎச்பி ஒன்று குறைவின்றிக் கட்டப்பட்டதுபோல் தோற்றமளித்து, பின்னொரு நாள் சர்வரில்தான் உண்மை வெளிப்பட்டது. பத்தாண்டுகளாக ஒரே கட்டளைக் குறிப்பை மாற்றாமல் காத்துவந்த நிர்வாகிக்கு இது எத்தகைய அதிர்ச்சி என்பதை, மாற்றம் செய்கிறவர்கள் சிரத்தையோடு எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனால் ஜிடி மூட்டையை விட்டுப் போகவில்லை. வெளியிலுள்ள ஜிடியே போதுமென்பவர் அவ்வாறே கேட்டுக்கொள்ளத் தனியொரு விருப்பக் கட்டளை உண்டு. கேளாதவருக்கு, 2002இல் கட்டிவைத்த அந்தப் பிரதி, பலமுறை திருத்தப்பெற்று, இன்றும் மூலநிரலுக்குள்ளிருந்தே கிடைக்கிறது.