‘டல்’ என்னும் சொல்லும் ‘மழுங்கல்’ என்னும் சொல்லும்

பள்ளிப்பட்டு வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்தினின்று அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், கூர் கெட்ட கத்தியைத் தமிழர் ‘மழுங்கியது’ என்பர். தெலுங்கர் ‘மொத்து’ என்பர் (இதன் தகரங்கள் ஒலிப்புடையன). அறிவின் மந்தத்தையும் அச்சொற்களே குறிக்கும். இருசாராரும் இன்று ஆளும் பிறிதொரு சொல் ‘டல்’ என்னும் ஆங்கிலம். வாணிகமும் டல், முகமும் டல், மாணவனும் டல். இவை யாவும் ஒருவழிப் பொருள் வளர்ச்சி பெற்றனவா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மழுங்குதல் என்பது படைக்கலத்தின் முனைக்கும், விளக்கின் ஒளிக்கும், அறிவிற்கும் உரியதாய் வழங்குகின்றது. இதன் மறுதலையாகிய கூர்மையும் அவ்வாறே வாளுக்கும் மதிக்கும் பொதுவாம். கண்ணாற் காணும் பருப்பொருளின் தன்மை, காணவியலா நுண்பொருளுக்கு ஏறியது என்று கொள்ளுதல் பொருந்தும். தெலுங்குச் சொல் மரக்கட்டையையும் குறித்தலால், அதுவும் இந்நெறியினதே எனலாம்.

ஆங்கிலச் சொல்லோ எதிர்வழியில் நடந்தது. பழைய ஆங்கிலத்தில் பேதையைக் குறித்த ‘டொல்’ என்பதும், செருமானியத்தில் பித்தைக் குறிக்கும் ‘டோல்’ என்பதும் இதன் உறவுச் சொற்கள். இடைக்கால ஆங்கிலத்தில் முதற்கண் அறிவுக் குறையைச் சுட்டிய ‘டல்’, பின்னரே கத்தி முனைக்கும், நிறத்திற்கும், வாணிகத்திற்கும் பரவிற்று. ஆகவே, பொருள் ஒத்தமை ஒன்றே கொண்டு வரலாறும் ஒத்தது என முடிவு கட்டுதல் பிழையாம்.

தமிழில் மூன்றாவதொரு நெறியும் உண்டு. ‘மடம்’ அறியாமையைக் குறிப்பினும் பழிச்சொல்லாகவே நின்றுவிடவில்லை. புறநானூற்று 142ஆம் பாட்டில் பரணர், பேகன் வரையறையின்றி வழங்கியதைக் கொடைமடம் எனக் குறித்து, நிலத்தின் தகுதி நோக்காது பொழியும் மழையோடு ஒப்பிட்டார். அவனது படையொழுக்கத்தில் மடம் இல்லை என்றும் தெளிவித்தார். ஆராயாமை ஈண்டு புகழாயிற்று.

இவ்வேறுபாடு வகுப்பறைக்கும் பயன்படுவது. ‘டல்’ என்பது மாணவனுக்கு இயற்கையாய் அமைந்த குறைபோல் ஒலிக்கின்றது. ‘மழுங்கிற்று’ என்பதோ வினை. முன்பு கூர் இருந்தது என்பதையும், தீட்டினால் மீளும் என்பதையும் அஃது உட்கொண்டது. மாணவரைத் தரம் பிரிக்கும் ஆசிரியர் எச்சொல்லை ஆள்கின்றனர் என்பதில், அம்மாணவர்பால் அவர்கொண்ட நம்பிக்கையும் வெளிப்படுதலை யாம் காண்கின்றோம்.