500 மீட்டருக்குள்

பெங்களூருக்கும் அரபிக்கடலுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையே நிற்கிறது. ஆனாலும் நம் கடல்களில் ஒரு கப்பல் மூழ்கினால், அதன் அபயக்குரல் வந்து சேர்வது இந்த ஊர் பீன்யாவுக்குத்தான். கப்பலில் மாட்டியிருக்கும் ஈபர்ப் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடும். செயற்கைக்கோள் அதைப் பிடித்துக் கீழே தரும். பீன்யாவில் இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்திலுள்ள மையம் கடலோரக் காவல்படைக்குச் சொல்லும். இலங்கைக்கும் மாலத்தீவுக்கும்கூட இதுவே மையம்.

எண்ணெய் வயல் கப்பல்களைச் சோதிக்கப் போகிறவர்களுக்கு இங்கே பாடம் எடுக்கும்போது நான் ஈபர்ப்பில்தான் ஆரம்பிப்பேன். பேட்டரி எப்போது காலாவதி ஆகிறது, தண்ணீருக்குள் போனதும் கருவியைக் கழற்றிவிடும் ரிலீஸின் தேதி என்ன, உள்ளே பதிந்த எண்ணும் பதிவேட்டு எண்ணும் ஒன்றா என்று பார்க்கச் சொல்வேன். கப்பல் கைமாறி, எண் பழைய பெயரிலேயே கிடந்தால், மீட்கப் போகிறவர்கள் வேறு கப்பலைத் தேடுவார்கள். இதெல்லாம் கப்பல் சர்வேயரின் பழைய வேலை. கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகள் வந்தபிறகு சேர்ந்த வேலை வேறு. அதைச் சொல்லத்தான் வரலாற்றுக்குப் போகவேண்டியிருக்கிறது.

சரக்கை அளவுக்கு மீறி ஏற்றி மாலுமிகளைச் சாகவிட்ட கப்பல்களுக்கு எதிராக சாமுவேல் பிளிம்சால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடி, 1876இல் கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு போட வைத்தார். அன்று முதல் சர்வேயரின் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சுமையோடு இந்தக் கப்பல் அடுத்த துறைமுகம் போய்ச் சேருமா? நம் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டமும், 1975இல் பிறந்த இந்தியக் கப்பல் பதிவகமும் அந்தக் கேள்வியின் வாரிசுகளாகவே வந்தன.

1974இல் 'சாகர் சாம்ராட்' என்ற துளையிடும் மேடை மும்பைக்கு அப்பால் கடலில், பம்பாய் ஹையில் எண்ணெய் கண்டது. போவதைவிட நிற்பதே பிழைப்பாகக் கொண்ட கப்பல்கள் நம் கடலுக்கும் வந்தன. அதற்கு முன்பே, 1961இல் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் 'கஸ் 1' என்ற கப்பல், நங்கூரம் போட முடியாத ஆழத்தில், திசை திருப்பித் தள்ளும் நான்கு உந்திகளை, அதாவது திரஸ்டர்களை, மட்டுமே வைத்து ஓரிடத்தில் நின்றுகாட்டியிருந்தது. அந்த வித்தையைப் பின்னர் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள், அதை டைனமிக் பொசிஷனிங், சுருக்கமாக டி.பி. என்கிறோம். டி.பி. தவறினால் கப்பலுக்கு ஒன்றும் ஆகாமலிருக்கலாம். பக்கத்தில் நிற்பது எரிவாயுக் குழாய் என்றால்?

2005 ஜூலை 27. முந்தைய நாள்தான் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியிருந்தது. பம்பாய் ஹையில் வேலை செய்த 'சமுத்ர சுரக்ஷா' என்ற பணிக்கப்பலில் சமையல்காரருக்கு விரல் நுனிகள் வெட்டுப்பட்டுவிட்டன. வானிலை மோசம், ஹெலிகாப்டர் வரவில்லை. பக்கத்திலிருந்த எண்ணெய் மேடையில் மருத்துவ வசதி உண்டு. கூடையில் ஏற்றி கிரேனால் தூக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. மேடையின் காற்றுமறைவுப் பக்கத்து கிரேன் பழுது. எனவே கப்பல், காற்று அடிக்கும் பக்கமாகவே நெருங்கவேண்டியிருந்தது. திரஸ்டர்களின் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டிலும் கோளாறு. கையால் ஓட்டிக்கொண்டு போனார்கள். காயம்பட்டவரை மேலே ஏற்றியும் விட்டார்கள். விலகும்போது அலை தூக்கியது. கப்பலின் ஹெலிகாப்டர் தளம் மேடையின் வெளிப்புறத்தில் ஓடிய எரிவாயு ரைசர்களில், அதாவது கடலடியிலிருந்து மேலேறும் குழாய்களில், இடித்தது. இரண்டு மணி நேரத்தில் மேடை சரிந்தது. அங்கிருந்த 384 பேரில் 22 பேர் இறந்துபோனார்கள். எரிந்த கப்பலும் சில நாளில் மூழ்கியது.

வகுப்பில் இந்தக் கதையை நான் அவசரமாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு கண்ணியாக நிறுத்தி, இதை யார் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பேன். திரஸ்டரா? கப்பல் சோதனையாளர். கிரேனா? அது மேடையில் இருக்கிறது. கப்பல் சோதனையாளர் அங்கே ஏறுவதேயில்லை. ரைசர் ஏன் வெளிப்பக்கம் காப்பில்லாமல் ஓடியது? அது மேடையை வரைந்தவர்களின் கணக்கு. காகிதத்தில் ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் சரியாக நின்றிருக்கலாம். சாவு வந்தது இரண்டு எல்லைக்கும் நடுவிலிருந்து.

அதன்பின் கடல்சார் எண்ணெய்ப் பணிகளுக்கென 2008இல் தனிப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1986 முதல் இருந்த எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்துக்கு அதிகாரம் கிடைத்தது. உலக அளவிலும் சோதனை முறை மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு எண்ணெய் நிறுவனமும் தன் ஆளை அனுப்பி அதே கப்பலைத் திரும்பத் திரும்பச் சோதிக்கும். 1995இல் உருவான, கடல்பணி ஒப்பந்ததாரர்களின் சங்கமான இம்கா பொதுப் படிவம் ஒன்றைக் கொடுத்தது. 2010 வாக்கில் எண்ணெய் நிறுவனங்களின் கடல்சார் அமைப்பான ஓசிம்ஃபின் ஓவிட் என்ற சோதனை அறிக்கைத் தொகுப்பு வந்தது. சோதனையாளருக்கும் பயிற்சியும் அங்கீகாரமும் வேண்டுமென்று ஆயிற்று. நல்ல மாற்றம்தான், ஆனால் படிவத்தை நிரப்பக் கற்றவன் சோதனையாளன் ஆகிவிடமாட்டான். லைஃப் ராஃப்ட்டின் சர்வீஸ் சான்றிதழில் உள்ள எண்ணை, தளத்தில் இருக்கும் பெட்டியின் எண்ணோடு குனிந்து ஒப்பிட்டுப் பார்க்கிறவனே சோதனையாளன்.

2021 மே 17இல் டவ்தே புயலில் பி-305 பார்ஜின் நங்கூரங்கள் விட்டன. சொந்த எஞ்சின் ஓட்டம் இல்லாத, தங்குமிடமான பார்ஜ், 261 பேர். அது அடித்துச் செல்லப்பட்டு, ஆளில்லா மேடை ஒன்றில் மோதிக் கிழிந்து அன்று மாலையே மூழ்கியது. அதே புயலில் 'வரப்பிரதா' என்ற இழுவைப் படகும் மூழ்கிற்று. இரண்டிலும் சேர்த்து 86 பேர் செத்தார்கள். ராஃப்ட்டுகள் பல ஓட்டையாயிருந்தன என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். பெரும்பாலோர் வெல்டர், ஃபிட்டர், பெயிண்டர் போன்ற தொழிலாளிகள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் அடங்குவதில்லை. அதற்குப் பதினாறு வருஷம் முன்பு கப்பல் போய் மேடையில் இடித்தது, இந்த முறை பார்ஜ்.

எண்ணெய் மேடையைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வட்டம் உண்டு. அதற்குள் நுழையுமுன் கப்பல் தன் எஞ்சின், திரஸ்டர், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் சரிபார்த்து, மேடையிடம் அனுமதி கேட்கவேண்டும். என் வகுப்பில் பாதி நேரம் அந்த வட்டத்துக்கே போகிறது. கப்பலுக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர் என்று பிரித்து அனுப்புவதை விட்டுவிட்டு, பருவமழைக்கு முன்னால் ஒரே சோதனையாளரை இரண்டிலும் ஏற்றவேண்டும் என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறேன். கப்பலின் திரஸ்டரைப் பார்த்த அதே கண் மேடையின் கிரேனையும் பார்க்கட்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போடட்டும்.