ஆல்பம் ரெடி... உண்மையைச் சொல்ல யார் இருக்கா? ஜாஸ் இசைக்குழுக்களின் ‘சக விமர்சனம்’ - முழு விவரம்

சொந்தக் காசு போட்டு ஆல்பம் வெளியிடுறாங்க. முதல் நாள் வாட்ஸ்அப்பில் ‘சூப்பர்’, ‘வேற லெவல்’ எனக் குவிகிறது. அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேச ஆளே இல்லை. சினிமாவைச் சாராமல் இயங்கும் பல சுயாதீன இசைக்குழுக்களின் கதை இதுதான். அதிலும் பாடல் வரிகளே இல்லாத ஜாஸ் இசை என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஜாஸ் உலகம் ரொம்ப காலமாகவே ஒரு வழியைக் கையாண்டு வருகிறது. ஒரு கலைஞரின் ஆல்பத்தை இன்னொரு கலைஞர் கேட்டு, மனசில் பட்டதைச் சொல்வதுதான் அது. இதில் என்ன லாபம்? எங்கே தவறு நடக்கும்? லப்பைக்குடிக்காடு போன்ற ஒரு ஊரில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஜாஸ் என்றால் என்ன?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களிடம் 100 ஆண்டுகளுக்கும் முன்பே உருவான இசை வடிவம் ஜாஸ். சாக்ஸபோன், டிரம்பெட், பியானோ, பேஸ், டிரம்ஸ் ஆகியவை இதில் வழக்கமாக இடம்பெறும் கருவிகள்.

ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் சட்டத்துக்குள் நின்று, அந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பார்கள். கடைசியில் மீண்டும் எல்லோரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். நம்ம கச்சேரியில் கல்பனாஸ்வரம் பாடுவதும், தனி ஆவர்த்தனம் வாசிப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். நம்மிடம் ராகமும் தாளமும் எல்லை. ஜாஸில் ‘கார்டு’ எனப்படும் சுரக்கூட்டுகளின் வரிசையும் தாளமும் எல்லை.

அதனால் ஒரு ஜாஸ் ஆல்பத்தில் நாம் கேட்பது, அந்த நாளில் அந்தக் கலைஞர்கள் எடுத்த முடிவுகளை. அந்த முடிவு சரியா, இன்னும் நல்லா செய்திருக்கலாமா என்பது வாசிப்பவருக்குச் சட்டென்று பிடிபடும்.

ஸ்ட்ரீமிங் எண்ணிக்கை போதாதா?

போதாது. எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை அந்த எண் சொல்லும். பாட்டில் எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்பதை அது சொல்லாது.

வருமானம் வரும் என்று பார்த்தால் அதுவும் சுலபமில்லை. 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, 2024 தொடக்கத்தில் இருந்து ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஒரு பாடல் கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி கணக்கிடப்படும். சினிமா பாட்டுக்கு 1,000 என்பது சில நிமிடக் கதை. புதிய ஜாஸ் குழுவுக்கு அது ஒரு வருட உழைப்பாக இருக்கலாம்.

பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் ரசிகர் நேரடியாகவே ஆல்பத்தை வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பங்கு 15 சதவீதம். ஆனால் அங்கேயும் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால், ‘இது கேட்க வேண்டிய ஆல்பம்’ என்று நம்பகமான ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

சக கலைஞர் சொன்னால் என்ன வித்தியாசம்?

ரசிகர் ‘பிடிச்சிருக்கு’ என்பார். பத்திரிகை விமர்சகர் அந்த இசை எந்த வகை, யாருடைய பாதிப்பு என்றெல்லாம் எழுதுவார். வாசிக்கத் தெரிந்தவர் சொல்வது வேறு மாதிரி இருக்கும்.

‘சோலோ செம’ என்பது பாராட்டு. ‘2 நிமிடம் 40-வது நொடியில் சாக்ஸபோன் மேலே ஏறும்போது பேஸ் கேட்கவே இல்லை. டிரம்ஸ் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிடும்’ என்பது விமர்சனம். முதலாவது ஒரு நாள் சந்தோஷம் தரும். இரண்டாவது, அடுத்த ஆல்பத்தையே மாற்றும்.

பத்திரிகை விமர்சகர்கள் சறுக்கியதற்குப் பெரிய உதாரணம் உண்டு. டேவ் புரூபெக் குழுவின் ‘டைம் அவுட்’ ஆல்பம் 1959-ல் வெளியானபோது விமர்சகர்கள் பலர் அதைக் குறை சொன்னார்கள். பின்னாளில் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்று, ஜாஸ் வரலாற்றின் மிகப் பிரபலமான ஆல்பங்களில் ஒன்றானது. அதில் உள்ள ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் போகும் இசை. ‘தகிட தக’ என்று சொல்லிப் பாருங்க, அப்படியே பொருந்தும்.

பெயரை மறைத்துக் கேட்கும் சோதனை

சக கலைஞர்கள் விமர்சிப்பதில் ஒரு சிக்கல் இருக்கு. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ‘இன்னிக்கு நான் குறை சொன்னா, நாளைக்கு அவர் என்னைக் கச்சேரிக்குக் கூப்பிட மாட்டார்’ என்ற பயம் இருக்கும். ஆளைப் பார்த்தே பாராட்டுவதும் உண்டு.

இதற்கு லெனார்ட் ஃபெதர் என்ற ஜாஸ் விமர்சகர் ஒரு வழி வைத்தார். 1946-ல் ‘மெட்ரோனோம்’ இதழில் ‘பிளைண்ட்ஃபோல்ட் டெஸ்ட்’ என்ற பகுதியைத் தொடங்கினார். ஒரு இசைக் கலைஞரை உட்கார வைத்து, யார் வாசித்தது என்று சொல்லாமல் இசைத்தட்டைப் போடுவார். அவர் கேட்டுவிட்டு, வாசிப்பது யாராக இருக்கும் என்று ஊகிக்க வேண்டும், கருத்து சொல்ல வேண்டும், நட்சத்திர மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் இந்தப் பகுதி, சிகாகோவில் 1934-ல் தொடங்கப்பட்ட ‘டவுன்பீட்’ இதழுக்கு மாறி, பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

இதில் மறக்க முடியாத சம்பவம் 1951-ல் நடந்தது. டிரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜ், வாசிப்பவர் கறுப்பினத்தவரா வெள்ளையரா என்பதைக் கேட்ட உடனே சொல்லிவிட முடியும் என்றார். ஃபெதர் இசைத்தட்டுகளைப் போட்டார். எல்ட்ரிட்ஜின் ஊகங்களில் பெரும்பாலானவை தப்பாகின. கேட்கும் முன்பே மனசில் ஒரு முடிவு இருந்தால் காதும் ஏமாறும் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

நம்ம ஊருக்கும் இது அப்படியே பொருந்தும். ‘எந்த ஊர்? யார் வீட்டுப் பையன்? எங்கே கத்துக்கிட்டான்?’ என்று கேட்ட பிறகுதான் பலர் இசையையே கேட்கிறார்கள். ஊர் பேர் தெரியாமல் கேட்டால், மிச்சம் இருப்பது இசை மட்டும்தான்.

சக கலைஞரும் தவறலாம்

அப்படியானால் சக கலைஞர் சொல்வதெல்லாம் வேதவாக்கா? இல்லை.

1964 ஜூனில் வெளியான பிளைண்ட்ஃபோல்ட் டெஸ்டில், ஜாஸ் உலகின் பெரும் ஆளுமையான மைல்ஸ் டேவிஸ் கலந்துகொண்டார். எரிக் டால்ஃபியின் வாசிப்பை அவர் மிகக் கடுமையாகச் சாடினார். அதே மாதம் 29-ம் தேதி டால்ஃபி பெர்லினில் இறந்துபோனார். வயது 36. அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் பதிவு செய்த ‘அவுட் டு லஞ்ச்’, இன்று ஜாஸின் முக்கியமான ஆல்பங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது.

மைல்ஸ் டேவிஸின் காது சாதாரணக் காது இல்லை. அவருக்கே புதிய பாதை பிடிபடாமல் போயிருக்கிறது. எனவே ஒருவரின் கருத்தை மட்டும் வைத்து ஆல்பத்தைத் தூக்கி ஓரமாகப் போட வேண்டியதில்லை. மூன்று பேர் ஒரே இடத்தில் ‘இங்கே இடிக்குது’ என்றால், அந்த இடத்தைக் கட்டாயம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

விமர்சனம் நமக்குப் புதிதில்லை. எழுத்தாளர் கல்கி, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் இசை விமர்சனம் எழுதினார். கச்சேரி விமர்சனத்தில் வித்வான்களே பயந்த பெயர் சுப்புடு. அவர் ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஜாஸ் தொடர்பும் பழையதுதான். 1958-ல் அமெரிக்க அரசின் கலாசாரப் பயணமாக இந்தியா வந்த டேவ் புரூபெக் குழு, மெட்ராஸுக்கும் வந்தது. அப்போது அந்தக் குழுவின் டிரம்மர் ஜோ மொரெல்லோவும், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சந்தித்தார்கள். இருவருக்கும் பொது மொழி தாளம்தான். அந்தப் பயணத்தின் தாக்கத்தில் புரூபெக் வெளியிட்ட ஆல்பம் ‘ஜாஸ் இம்ப்ரஷன்ஸ் ஆஃப் யூரேஷியா’.

அடுத்து ‘சக்தி’ குழு. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், தபேலா மேதை ஜாகிர் உசேன், வயலின் கலைஞர் எல்.சங்கர் ஆகியோருடன் கடம் வாசித்தவர் நம்ம விக்கு விநாயக்ராம். முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. அவருடைய மகன் செல்வகணேஷ் இடம்பெற்ற ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்காக, 2024 பிப்ரவரியில் இதே சக்தி குழு கிராமி விருது வென்றது.

சினிமாவுக்கு வெளியே, வரிகள் இல்லாத ஆல்பம் என்றால் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ நினைவுக்கு வரும். 1986-ல் வந்தது. அது ஜாஸ் இல்லை. ஆனால் பாட்டு வரி இல்லாமலும் தமிழர்கள் ஒரு ஆல்பத்தைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்பதற்கு அது சாட்சி. ‘டூயட்’ படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்த சாக்ஸபோனை மறந்தவர் உண்டா? இன்று சென்னையின் ‘ஜடாயு’ போன்ற குழுக்கள் கர்நாடக இசையையும் ஜாஸையும் கலந்து சொந்த ஆல்பங்கள் வெளியிடுகின்றன.

லப்பைக்குடிக்காட்டில் இருந்து செய்ய முடியுமா?

பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றின் கரையில் இருக்கும் பேரூராட்சி லப்பைக்குடிக்காடு. இங்கே கீபோர்டோ கிட்டாரோ வாசிக்கும் ஒரு இளைஞர், ஜாஸ் கச்சேரி கேட்க சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். தன் இசையைக் கேட்டுக் குறை சொல்லக்கூடிய ஆளும் பக்கத்துத் தெருவில் இருக்கமாட்டார்.

ஆனால் கடல் கடந்து வேலை பார்க்கும் சொந்தங்களோடு தினமும் போனில் பேசுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. அதே போனில் திருச்சியில் ஒரு டிரம்மர், சென்னையில் ஒரு பேஸ் கலைஞர், துபாயில் ஒரு பியானோ கலைஞர் என நான்கைந்து பேர் சேர்ந்தால் போதும். ஒரு விமர்சன வட்டம் தயார்.

எப்படித் தொடங்குவது?

* ரிலீஸுக்கு முன்பே அனுப்புங்க. வெளியான பிறகு வரும் விமர்சனத்தால் அந்த ஆல்பத்தைத் திருத்த முடியாது.

* பெயர், ஊர், போட்டோ எதுவும் இல்லாமல் ஆடியோவை மட்டும் அனுப்புங்க. வட்டத்தில் ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் வாங்கி, பெயரை நீக்கி மற்றவர்களுக்கு அனுப்பலாம்.

* குறைந்தது இரண்டு முறை கேளுங்க. ஒரு முறை ஹெட்போனில், இன்னொரு முறை போன் ஸ்பீக்கரில். பலர் கேட்கப்போவது போன் ஸ்பீக்கரில்தான். அதில் பேஸ் காணாமல் போகுதா என்று பாருங்க.

* நிமிடம், நொடி குறித்து எழுதுங்க. ‘நடுவுல கொஞ்சம் போர்’ என்றால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

* கட்டாயம் இரண்டு விஷயம் சொல்லுங்க: எதை மாற்றவே கூடாது, எதை மாற்றியே ஆகணும்.

* விமர்சனம் வாங்கியவர் ஒரு நாள் பதில் பேசக் கூடாது. முதல் கோபம் அடங்கிய பிறகுதான் சொன்னது காதில் ஏறும்.

* அந்த ஆல்பத்தில் நீங்களே வாசித்திருந்தால், விமர்சிக்காமல் ஒதுங்கிடுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

விமர்சனத்தைப் பொதுவில் வெளியிடும்போது, அதில் ஆல்பத்தின் சிறு பகுதியைப் போட்டுக் காட்டலாமா? 1957-ம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. முழுப் பாட்டையும் போட்டுவிட்டு ‘விமர்சனம்’ என்று சொல்ல முடியாது. சட்டம் அனுமதித்தாலும், யூடியூபின் தானியங்கி முறை அதைப் பிடித்து நிறுத்தலாம். ஆல்பம் வெளியிட்டவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

காசு வாங்கிக்கொண்டு ஒரு ஆல்பத்தைப் பாராட்டினால், அது விளம்பரம். சமூக வலைத்தளங்களில் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த வழிகாட்டுதல்.

கடைசியாக ஒன்று

சுயாதீனக் கலைஞருக்குப் பின்னால் பெரிய கம்பெனி கிடையாது, ஹீரோ கிடையாது, டீசர் கிடையாது. அவருக்கு இருக்கும் ஒரே பலம், தன் இசையை முழுசாகக் கேட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லும் நான்கு பேர். அந்த நான்கு பேர் கிடைக்க ஒரே வழி, முதலில் நாம் இன்னொருவருக்கு அப்படி ஒருவராக இருப்பதுதான்.

அடுத்த முறை நண்பர் ஒருவர் தன் ஆல்பத்தை அனுப்பினால், உடனே ‘சூப்பர்’ என்று டைப் பண்ணாதீங்க. கடைசிவரை கேட்டுட்டு, எந்த நொடி பிடித்தது, எந்த நொடி உறுத்தியது என்று இரண்டு வரி எழுதுங்க. அவர் காத்திருப்பது அதற்காகத்தான்.