ஆளோலையும் வாய்மொழியும்

தமிழகத்து இல்லங்களில் பிறரைப் பணி கொள்ளும் வழக்கம் தொன்மையானது. தொல்காப்பிய அகத்திணையியல் அடியோர், வினைவலர் என இரு திறத்தாரைச் சுட்டுகின்றது. உரையாசிரியர்கள் முன்னவரைக் குற்றேவல் செய்வோர் என்றும், பின்னவரைப் பிறர் ஏவிய தொழிலைச் செய்வோர் என்றும் விளக்குவர். அடியோர் என்னும் சொல் அடிமை என்பதனோடு உறவுடையது. ஆளையே உடைமையாக்கிக்கொள்வது வேறு. ஆளின் உழைப்பை மட்டும் பெறுவது வேறு. இன்று நகரத்துக் குடும்பம் ஒன்று முதன்முறையாகப் பகுதிநேரப் பணியாளர் ஒருவரை அமர்த்தும்பொழுது, அவ்வுடன்பாடு எத்தகையதாய் அமைகின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அடிமை முறைக்கு எழுத்துச் சான்றுகள் உள. சோழர் காலக் கல்வெட்டுக்களில் மக்கள் கோயிலுக்கு விற்கப்பட்ட செய்திகள் காணப்படுகின்றன. 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணத்துள், தடுத்தாட்கொண்ட புராணம் ஆளோலை வழக்கொன்றை விரித்துரைக்கின்றது. சுந்தரருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்ததாகக் காட்டப்படும் அவ்வோலை, அவரை மட்டுமன்றி அவர் வழித்தோன்றல்களையும் பிணிப்பது. திருவெண்ணெய்நல்லூர் அவையினர் ஆட்சி, ஆவணம், சாட்சி என்னும் மூவகைச் சான்றுகளுள் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். ஓலை காட்டப்பட்டபின், அதனைப் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்புரைக்கின்றனர். இது புராணச் செய்தியேயாயினும், இதன்கண் அமைந்த வழக்காடு முறை அக்கால நடைமுறையைத் தழுவியதெனக் கொள்ளுதல் பொருந்தும்.

1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம், அடிமை உரிமை கோரும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்றலாகாது என விதித்தது. 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குதலையும் விற்றலையும் குற்றமாக்கிற்று. ஆளோலை இவ்வாறு பயனற்றுப்போயிற்று. ஆயின், உரிமையுடைய பணியாளர்க்கென வேறோர் ஓலை அதனிடத்தில் தோன்றவில்லை.

இன்று பகுதிநேர வீட்டுப் பணி செய்வோருள் பெரும்பாலார் பெண்டிர். ஒருவரே ஒரு நாளிற் பல வீடுகளுக்குச் செல்வதும் உண்டு. பாத்திரம் துலக்குதல், வீடு பெருக்கித் துடைத்தல், துணி துவைத்தல் எனப் பணியைப் பிரித்துத் திங்கட்சம்பளம் பேசப்படுகின்றது. மேற்கூறிய மூவகைச் சான்றுகளை இங்குப் பொருத்திப் பார்ப்போமாயின், ஆவணம் இல்லை. சாட்சி என்பார் அறிமுகம் செய்துவைத்த அண்டை வீட்டார். எஞ்சுவது ஆட்சி, அஃதாவது நாள்தோறும் வந்து செய்த பணி, ஒன்றே. விருந்தினர் வந்தவழிக் கூடும் வேலைக்குத் தனிக்கூலி உண்டா, நோயுற்ற நாளுக்குச் சம்பளம் பிடிக்கப்படுமா, பணியினின்று நிறுத்துவதாயின் எத்துணை நாள் முன்னர் அறிவித்தல் வேண்டும் என்பன முதல் நாளிற் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. 2020 மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபொழுது சில வீட்டார் சம்பளம் கொடுத்தனர், சிலர் கொடுத்திலர். கொடாதாரிடம் எடுத்துக்காட்டி முறையிடப் பணியாளர் கையில் எழுத்து ஏதும் இருந்ததில்லை.

வீட்டுப் பணி நம்பிக்கையால் நடப்பது, எழுத்து அதனைக் கெடுக்கும் என்பாரும் உளர். நம்பிக்கை இன்றியமையாததே. ஆயினும் அது பிறழ்ந்தவழி நேரும் இழப்பு இருவர்க்கும் ஒத்ததன்று. வீட்டார் சில நாள் தம் வேலையைத் தாமே செய்துகொள்வர்; பணியாளரோ அத்திங்களின் உணவுக்கே வழி தேடுவர்.

அண்மைக் காலத்தில் மாற்றங்கள் சில நிகழ்ந்துள்ளன. 2007-இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கொண்டது. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 2011-இல் ஏற்ற 189-ஆம் உடன்படிக்கையின் 7-ஆம் உறுப்பு, பணியின் வகை, ஊதியம், வேலை நேரம், ஓய்வு, பணிமுடிவு ஆகியவற்றைப் பணியாளர் தெளிவாக அறிதல் வேண்டும் என்றும், இயலுமிடத்து அவை எழுத்தில் அமைதல் நன்று என்றும் கூறுகின்றது. இந்தியா இவ்வுடன்படிக்கைக்கு ஏற்பிசைவு அளிக்கவில்லை. எனினும், ஒரு குடும்பம் இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுதற்கு அரசின் ஒப்புதலை எதிர்நோக்கவேண்டுவதில்லை.

ஒருவரை வழிவழியாகப் பிணித்தற்கு நம் முன்னோர் ஓலை எழுதினர், கையெழுத்தும் ஒப்புநோக்கினர். உரிமையுடன் உழைப்பார்க்கு அவ்வளவு எழுத்தேனும் வேண்டும் என்பதே இவ்வரலாற்றாற் பெறப்படும் முடிபு.