மணலுக்குத் தகுந்த சக்கரம்

லிபியப் பாலைவனத்தை நம்மில் பலர் ஒரு நாவலின் வழியாகவே அறிந்திருப்போம். கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய மைக்கேல் ஒந்தாச்சி 1992இல் எழுதிய 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' அது. நான்கு ஆண்டுகள் கழித்துத் திரைப்படமாகவும் வந்தது. அதன் நாயகனுக்கு மூலமாக அமைந்தவர் லாஸ்லோ அல்மாஷி என்னும் ஹங்கேரியர். செர்சுரா என்ற தொலைந்துபோன பசுஞ்சோலையைத் தேடி 1920களிலும் 30களிலும் அந்த மணல்வெளியில் மோட்டார் வண்டிகளில் அலைந்த சிறு கூட்டத்தில் அவரும் ஒருவர். நாவலில் காதல் உண்டு, துரோகம் உண்டு, எரிந்த உடல் உண்டு. அந்த மனிதர்கள் எந்த டயரில் போய்வந்தார்கள் என்பது ஒரு நாவலுக்குத் தேவையில்லாத செய்திதான். ஆனால் அவர்களில் யாரும் உயிரோடு திரும்பியதற்கு அந்தச் செய்தியே காரணம். ஆகவே இக்கட்டுரையில் நாம் டயரைப் பற்றிப் பேசப் போகிறோம்.

கரடுமுரடான பாதைகளுக்கென நான்கு சக்கரமும் உந்தும் வண்டியை வாங்கியவர் முதலில் கேட்பது "எவ்வளவு பெரிய டயர் போடலாம்?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் கேள்வியே மாறிவிடுவதைக் காண்போம்.

*

முதல் உலகப் போரின்போது எகிப்தின் மேற்கு எல்லையில் சனூசிகளுக்கு எதிராக ஆங்கிலேயர் இலகு கார் ரோந்துப் படைகளை நிறுத்தினார்கள். அவர்களிடம் இருந்தவை ஃபோர்டு 'டி' மாடல் கார்கள். இந்தக் காருக்கான வழக்கமான டயர் அளவு முன்பக்கம் 30×3, பின்பக்கம் 30×3½. அக்கால முறைப்படி முதல் எண் டயரின் வெளிவிட்டம், இரண்டாவது எண் அதன் அகலம், இரண்டும் அங்குலத்தில். அதாவது ஒன்றரை முழ உயரத்தைவிடச் சற்றே அதிகமான உயரமும், கையகலம்கூட இல்லாத தடிமனும் கொண்ட சக்கரம். அதற்குள் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 60 ராத்தல் அழுத்தத்தில் காற்றை அடைக்க வேண்டும். கெட்டியான தரையில் அது ஓடும். மணலில் கத்தியைப் போல் இறங்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் சகாராவில் இதற்கு வேறொரு விடை கண்டார்கள். சித்ரோயன் நிறுவனம் பின்சக்கரங்களையே கழற்றிவிட்டு, ரப்பர் பட்டையால் ஆன சங்கிலித் தடத்தைப் பூட்டியது. 1922 டிசம்பரில் தூகூரிலிருந்து கிளம்பிய அந்த வண்டிகள் 1923 ஜனவரியில் திம்புக்டுவை அடைந்தன. எகிப்திய இளவரசர் கமால் எல் தின் இத்தகைய வண்டிகளைக் கொண்டே தென்மேற்கு எகிப்தின் பெரும் பீடபூமியை அடைந்து, 1926இல் அதற்கு கில்ஃப் கபீர் என்று பெயரிட்டார். ஆனால் அது இளவரசர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் கட்டுப்படியாகும் வழி.

இதற்கிடையில் 1923இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 'பலூன்' டயரைக் கொண்டுவந்தது. டயர் தடித்தது, காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதியாயிற்று. இருக்கை குலுங்காமல் போவதற்காக நகரத்து மனிதருக்குச் செய்யப்பட்ட பொருள் அது. 1928இல் வந்த ஃபோர்டு 'ஏ' மாடல் காருக்கு 4.50-21 என்ற அளவு டயர் பொருத்தப்பட்டது. எண்களின் பொருள் இங்கே மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். இப்போது முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம். நகரத்துச் சுகத்துக்காகப் பிறந்த இந்தத் தடித்த டயர்தான் பாலைவனத்தின் கதவைத் திறந்தது.

*

கதவைத் திறந்தவர் ரால்ஃப் பாக்னால்டு. 1896இல் பிறந்தவர், ஆங்கிலேய ராணுவத்தில் பொறியாளர். இலக்கிய வாசகர்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்லலாம்: 'நேஷனல் வெல்வெட்' நாவலை எழுதிய எனிட் பாக்னால்டு இவருடைய தமக்கை. எகிப்தில் பணியாற்றியபோது விடுமுறை நாட்களில் நண்பர்களோடு சொந்தச் செலவில் பழைய ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு பாலைக்குள் சென்றார். 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளின் பயணங்களில், கார் போகவே முடியாது என்று கருதப்பட்ட பெரும் மணற்கடலுக்குள் நுழைந்து மீண்டார்.

அவர் கண்டுகொண்டது என்ன? மணல் எல்லாம் ஒரே மணல் அல்ல. காற்று மென்மையாக வீசிப் பரப்பிய சரிவில் மணிகள் நெருங்கிப் படிந்திருக்கும். அங்கே தரை கெட்டி. மறுபக்கம் தானாகச் சரிந்து விழும் முகத்தில் மணிகள் தளர்ந்திருக்கும். அங்கே வண்டி புதையும். கெட்டியான பரப்பின் மேலோட்டை உடைக்காமல் போனால் மணற்குன்றின் மேலும் ஏறலாம். உடைக்காமல் போவதற்கு வழி, டயரில் காற்றைக் குறைப்பது.

இதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ எடை இறங்குவதாகக் கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் காற்று இருந்தால், தரையில் படியும் பரப்பு தோராயமாக 240 சதுர சென்டிமீட்டர். காற்றை 15 ராத்தலாகக் குறைத்தால் அது 475ஐ நெருங்கும். டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருந்தால் சற்று மாறுபடும் என்றாலும் அடிப்படை இதுதான். தரையை அழுத்தும் பாரத்தை முதலில் தீர்மானிப்பது டயரின் அகலமன்று, உள்ளே இருக்கும் காற்று. இன்னொன்று: காற்று குறையும்போது படியும் பரப்பு அகலவாக்கில் கூடுவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் கூடுகிறது. நீளம் கூட வேண்டுமானால் டயர் உயரமாக இருக்க வேண்டும். நசுங்குவதற்கு அதன் பக்கச்சுவரில் இடம் இருக்க வேண்டும். அப்படியானால் பெரிய டயரின் பயன் அதன் பருமனில் மட்டும் இல்லை. காற்றை இறக்கினாலும் ரிம் தரையைத் தொடாமல் தாங்குகிறதே, அதிலும் இருக்கிறது.

மணலின் இயல்பை லண்டனில் காற்றுச் சுரங்கம் அமைத்தும் ஆராய்ந்து, பாக்னால்டு 1941இல் நூலாக வெளியிட்டார். காற்றால் நகரும் மணலைப் பற்றி ஆராய்வோருக்கு அது அடிப்படை நூலாயிற்று.

*

விளையாட்டாகக் கற்றது வினையாகும் காலம் வந்தது. 1939இல் கென்யாவுக்குப் போய்க்கொண்டிருந்த பாக்னால்டின் கப்பல் மத்தியதரைக் கடலில் விபத்துக்குள்ளாகவே, அவர் எகிப்தில் இறங்க நேர்ந்தது. 1940 ஜூன் 10ஆம் தேதி இத்தாலி போரில் குதித்தது. தளபதி வேவல் அவர் கேட்டதைக் கொடுத்தார். ஆறே வாரங்களில் நெடுந்தூரப் பாலைவனப் படை உருவாயிற்று. முதலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்துக்காரர்கள்.

இந்தப் படை தொடக்கத்தில் தேர்ந்த வண்டி நான்கு சக்கரமும் உந்தும் வண்டி அல்ல என்பது வியப்புக்குரியது. கெய்ரோவிலும் அலெக்சாண்டிரியாவிலும் திரட்டிய ஷெவர்லே லாரிகள். பின்சக்கரங்கள் மட்டுமே உந்துபவை. அவை தேய்ந்தபின் 1941இல் நான்கு சக்கரமும் உந்தும் ஃபோர்டு எஃப்-30 லாரிகள் கிடைத்தன. எடை கூடியது, எரிபொருள் கரைந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் பெட்ரோல் கிடைக்காத வெளியில் இது சிறிய குறையன்று. 1942இல் கனடாவிலிருந்து மீண்டும் இருசக்கர உந்தல் கொண்ட ஷெவர்லே லாரிகளைத் தருவித்துக்கொண்டார்கள். அவற்றின் டயர் அளவு 10.50-16. நான்கு மூலையிலும் ஒரே அளவு, ஒவ்வொன்றாக.

ஒவ்வொன்றாக என்பதற்குக் காரணம் உண்டு. சாதாரண லாரிகளின் பின்னால் இரட்டைச் சக்கரங்கள் இருக்கும். மணலில் முன்சக்கரம் அழுத்திச் செல்லும் தடத்தில் பின்சக்கரம் வந்தால் பாதி வேலை முடிந்தது. இரட்டைச் சக்கரமோ பக்கத்திலும் புதிய தடத்தை வெட்ட வேண்டும். உள்சக்கரத்துக்கும் வெளிச்சக்கரத்துக்கும் நடுவே கல் சிக்கிக்கொள்ளும் தொல்லை வேறு. மணல் டயரின் பரப்பும் ஆழ்ந்த பற்களின்றி ஓரளவு வழவழப்பாகவே இருந்தது. பற்கள் சேற்றில் பிடிக்கும், மணலில் தோண்டும்.

புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடும்போது உப்பு வணிகரின் வண்டியை உவமை ஆக்குகிறார். பாரம் பெரிது, எருதுகளோ இளையவை, பள்ளமும் மேடும் எங்கே வரும் என்று யார் அறிவார் என அஞ்சி, வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொள்கிறார்கள் உமணர்கள். பாக்னால்டின் ஆட்களும் உமணர்கள்தாம். கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் அவர் கண்டெடுத்த பள்ளத் தகடுகளை ஒவ்வொரு வண்டியிலும் கட்டிக்கொண்டார்கள். சக்கரம் புதைந்தால் அதன் முன்னே தகட்டைச் செருகி வெளியே எடுப்பார்கள். பாறைப்பரப்பு வந்தால் மீண்டும் காற்றை நிரப்புவார்கள். இல்லாவிட்டால் கூரிய கற்கள் தளர்ந்த பக்கச்சுவரைக் கிழித்துவிடும்.

வண்டி போனால் என்னவாகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1941 ஜனவரி 31ஆம் தேதி ஜெபல் ஷெரீஃபில் இத்தாலியர் தாக்கியதில் லாரிகள் எரிந்தன. காலில் காயம்பட்ட ரொனால்டு மூர் என்ற நியூசிலாந்து வீரரும் மூன்று தோழர்களும் இரண்டு காலன்கூட நிறையாத ஒரு தகரத் தண்ணீருடன் தெற்கு நோக்கி நடந்தார்கள். பத்து நாட்கள், ஏறத்தாழ 340 கிலோமீட்டர். மீட்கப்பட்டபின் ஒருவர் இறந்தார். ஒரு வண்டி மனிதனுக்கும் மரணத்துக்கும் நடுவே எவ்வளவு தூரத்தை வைக்கிறது என்பதை அந்த நடை அளந்து காட்டுகிறது.

அல்மாஷி இப்போது எதிர்ப்பக்கத்தில் இருந்தார். 1942 மே மாதம் இரண்டு ஜெர்மானிய ஒற்றர்களை அதே பாலையைக் கடந்து நைல் கரையில் கொண்டுபோய் விட்டார். செர்சுராவைத் தேடியவர்கள் நட்பில் பகிர்ந்துகொண்ட வழித்திறன், அணி பார்க்காமல் இருவருக்கும் உதவிற்று. மணலுக்குக் கொடி தெரியாது.

*

போர் முடிந்தபின் இந்த அறிவு பல வண்டிகளில் குடியேறியது. வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16. 1948இல் வந்த லேண்ட் ரோவரும் அதே அளவில் தொடங்கியது. சேற்றுக்கும் வயலுக்கும் அந்த ஒடுங்கிய டயர் பொருத்தமே. மேலே குழம்பு, கீழே கெட்டித் தரை என்ற இடத்தில் ஒடுங்கிய டயர் குழம்பை வெட்டிக் கீழே சென்று கால் ஊன்றிக்கொள்ளும். அடியில் கெட்டி இல்லாத ஆழ்ந்த பனியிலோ நிலைமை நேர்மாறு. ஐஸ்லாந்துக்காரர்கள் பனிப்பாறைகளின் மேல் செல்ல 38, 44 அங்குல உயர டயர்களைப் பூட்டி, காற்றை இரண்டு மூன்று ராத்தல்வரை இறக்கி மிதக்கிறார்கள்.

இன்றைய கடைகளில் 235/85 ஆர் 16, 265/75 ஆர் 16 என இரண்டு அளவுகளைக் காணலாம். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அகலத்தில் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டின் வெளிவிட்டமும் ஏறத்தாழ 805 மில்லிமீட்டர். வேறுபாடு அகலத்தில் 30 மில்லிமீட்டர் மட்டுமே. கல்லும் சேறும் நிறைந்த பாதைக்கு முதலாவதும், மணலுக்கு இரண்டாவதும் சாயும். இவற்றையும் தாண்டிப் பெரிதாகப் போட்டால் கியரின் இழுவை குறையும், வேகமானி குறைத்துக் காட்டும், அச்சின் மேல் சுமை ஏறும், திருப்பும்போது டயர் உடற்தகட்டில் உரசும்.

எனவே "எவ்வளவு பெரியது?" என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எந்தத் தரை, எவ்வளவு பாரம், எவ்வளவு காற்று, திரும்பி வர எவ்வளவு எரிபொருள் என்பவை அதற்கு முன்னே நிற்கின்றன. பாக்னால்டு முதலில் மணலைப் படித்தார், பிறகே டயரைப் பார்த்தார். அவர் 1990இல் 94ஆம் வயதில் காலமானார்.